சிலேட்டில் தொடங்கிய கணிதம்: இராமானுஜன் வாழ்க்கையும் நம் பிள்ளைகளின் ஒலிம்பியாட் கனவும்

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறந்ததும் நம் மஹல்லாக்களில் ஒரு கேள்வி கிளம்பும். பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வருகிறது, கணித ஒலிம்பியாட் என்று ஏதோ இருக்கிறதாமே, அதற்கு எங்கே சேர்ப்பது என்று திண்டுக்கல் பேகம்பூரிலும் நாகல் நகரிலும் பெற்றோர்கள் விசாரிப்பார்கள். மதுரைக்குப் போக வேண்டும், சென்னையில்தான் நல்ல வகுப்பு இருக்கிறது, இல்லையென்றால் ஆன்லைனில் பல ஆயிரம் கட்ட வேண்டும் என்று யாராவது பதில் சொல்வார்கள். பூட்டுப் பட்டறையிலும் தோல் பதனிடும் இடத்திலும் கடைத்தெருவிலும் வேலை பார்க்கும் தகப்பனுக்கு அந்தப் பதிலோடு ஆசை அடங்கிவிடும். பிள்ளையும் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியதோடு கணிதத்தை மூட்டை கட்டி வைத்துவிடும்.

அந்தப் பெற்றோரையும் பிள்ளைகளையும் மனதில் வைத்து, கும்பகோணத்துச் சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறோம். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. அல் குவாரிஸ்மி, உமர் கய்யாம், அல் பிரூனி என்று நம் முன்னோர்களின் பெயர்களை அடுக்குவதுதான் நம் மேடைகளின் வழக்கம். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் 1200 வருடங்களுக்கு முந்தைய பாக்தாதைவிட, நம் மொழி பேசி, மாதக் கடைசியில் கை காய்ந்துபோகும் வீட்டில் வளர்ந்த ஒரு பையன் எப்படிக் கணிதத்தில் இறங்கினான் என்பது நம் பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் இருக்கிற பாடம்.

அவரைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது ஓர் அற்புதக் கதை. பிறவி மேதை, படிக்காமலே எல்லாம் வந்தது, கனவில் சூத்திரங்கள் தெரிந்தன என்று அது போகும். அந்தக் கதையைக் கேட்கும் பிள்ளை, நமக்கெல்லாம் இது வராது என்றுதான் முடிவு செய்யும். ஆகவே அவர் எந்தப் புத்தகத்தில் ஆரம்பித்தார், எப்படிப் பழகினார், எங்கே சறுக்கினார் என்பதை மட்டும் பார்ப்போம்.

இரவல் புத்தகங்கள்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாயாரின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பாடி ஏதோ கொஞ்சம் வருமானம் கொண்டுவருவார். வீட்டுச் செலவுக்காகக் கல்லூரி மாணவர்களைச் சாப்பாட்டுடன் தங்க வைத்துக்கொண்டார்கள். இந்தச் சிறிய விஷயம்தான் பையனின் வாழ்க்கையைத் திருப்பியது. பத்து, பதினொரு வயதில் அவர் அந்தக் கல்லூரி மாணவர்களைக் கேள்வி கேட்டுக் கேட்டு அவர்களுக்குத் தெரிந்த கணிதத்தையெல்லாம் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் அவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லாதபோது, எஸ். எல். லோனி எழுதிய திரிகோணமிதிப் புத்தகத்தை இரவல் வாங்கிக் கொடுத்தார்கள். கல்லூரியில் படிக்கிற புத்தகம் அது. 13 வயதுக்குள் அதை முடித்துவிட்டார்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேகம் அல்ல. அந்தப் புத்தகத்திலுள்ள கணக்குகளை அவர் ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார் என்பதுதான். போட்டுப் பார்த்ததால்தான் புத்தகத்தில் இல்லாததும் தோன்றியது. சைன், கொசைன் பற்றி ஒரு தொடர்பைத் தானாகவே கண்டுபிடித்தார். பிறகு அது ஆய்லர் என்பவர் 150 வருடங்களுக்கு முன்பே கண்டது என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு அந்தக் காகிதங்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்து வைத்தார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளை ஒன்றைத் தானே கண்டுபிடித்து, அது ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருப்பது தெரிந்து வாடி நின்றால், அந்தக் கூரைக் காகிதங்களின் கதையைச் சொல்லலாம்.

டவுன் ஹைஸ்கூலில் அவருக்குப் பரிசுகள் குவிந்தன. சுமார் 1200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் வகுப்புகளுக்குப் பிரித்துப் போடும் கால அட்டவணை வேலையில் பள்ளிக்கு உதவினார் என்றும் சொல்வார்கள்.

1903-ல், அவருக்குப் பதினைந்து வயதானபோது, ஒரு நண்பர் மூலம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து இன்னொரு புத்தகம் கைக்கு வந்தது. ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்கம் அது. இந்தப் புத்தகத்தின் பின்னணி பலருக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டியது.

அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ட்ரைபோஸ் என்று ஒரு கணிதத் தேர்வு இருந்தது. பெயருக்குத்தான் தேர்வு, நடந்தது பந்தயம். முதல் வகுப்பில் தேறியவர்களை ராங்ளர் என்பார்கள். அவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி அறிவிப்பார்கள். முதலிடம் வந்தவரைச் சீனியர் ராங்ளர் என்று நாடே கொண்டாடும். 1899-ல் நம் நாட்டின் ஆர். பி. பராஞ்சபே அந்த இடத்தைப் பிடித்தார். இந்தப் பந்தயத்துக்குத் தயார் செய்யவே தனிப்பயிற்சி ஆசிரியர்கள் காசு வாங்கிக்கொண்டு பாடம் நடத்தினார்கள். இன்று நாம் பார்க்கிற கோச்சிங் சென்டர் ஒன்றும் புதிதல்ல என்பது இதிலிருந்து தெரியும். கார் அப்படிப்பட்ட ஓர் ஆசிரியர். மாணவர்களுக்குக் கொடுத்த குறிப்புகளைத் தொகுத்து 1880 முதல் அச்சிட்டார். சுமார் 5000 சூத்திரங்களும் தேற்றங்களும் வரிசையாக இருக்கும். நிரூபணம் அநேகமாக இருக்காது. இருந்தாலும் ஒரு வரிதான்.

ஆக, இராமானுஜன் கையில் கிடைத்தது கடல் கடந்து வந்த ஒரு போட்டித் தயாரிப்புக் கையேடு. பெரிய மேதை யாரும் எழுதிய நூல் அல்ல. கேம்பிரிட்ஜில் அதைப் படித்தவர்கள் தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டியிருப்பார்கள். இவர் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு வரியையும் விடை தெரிந்த ஒரு புதிராக எடுத்துக்கொண்டார். இது ஏன் உண்மை என்று தானே வழி கண்டுபிடித்தார். பக்கத்தில் கேட்க ஆளில்லாததால், ஒவ்வொன்றும் அவருக்கு ஓர் ஆராய்ச்சி ஆயிற்று. ஒரே புத்தகம்தான். அலமாரி நிறைய இல்லை.

காகிதம் விலை அதிகம். அதனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். கடைசியில் நிற்கும் விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். பின்னாளில் சென்னையில் வேலை பார்த்தபோது, ஒரு பக்கம் நீல மசியில் எழுதிய தாளின் மேலேயே சிவப்பு மசியில் எழுதியதாகச் சொல்வார்கள். தனக்கு வந்த சூத்திரங்களை அவர் நாமக்கல் தாயாரின் அருளாகக் கருதினார். அது அவருடைய நம்பிக்கை. அதில் விவாதம் செய்ய நமக்கு ஒன்றுமில்லை. நம் கண்ணுக்குத் தெரிவது முழங்கையில் படிந்த சிலேட்டுத் தூள்.

தோற்றது எங்கே

1904-ல் பள்ளிப்படிப்பு முடிந்தபோது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குக் கிடைத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. அடுத்த ஆண்டே அது போய்விட்டது. கணிதம் தவிர வேறெதையும் படிக்காததால் ஆங்கிலத்தில் தவறினார். அவமானம் தாங்காமல் 1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார். தோல்வி. மறுபடியும் எழுதினார். மறுபடியும் தோல்வி. கல்லூரிப் படிப்பு அதோடு முடிந்தது.

சில பேச்சாளர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். மேதைகள் தேர்வில் தோற்பார்களாம். நமக்கு இதில் உடன்பாடில்லை. அந்தத் தோல்வியால் அவர் ஐந்தாறு வருடங்கள் வேலையில்லாமல், சில நாட்கள் சரியான சாப்பாடுகூட இல்லாமல் அலைந்தார். ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை என்பது சோறு. கணிதப் போட்டிக்குத் தயாராகிற பிள்ளை, பத்தாம் வகுப்பு மற்றப் பாடங்களைக் கைவிட்டுவிட்டு இராமானுஜனை உதாரணம் காட்டினால் அதை ஒப்புக்கொள்ளக் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் போதும். பள்ளிப் பாடம் பள்ளிப் பாடமாக நடக்கட்டும்.

அவர் தோற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இன்னும் ஆழமானது. கார் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்ததால், கணிதம் எழுதுவது என்றால் விடையை மட்டும் எழுதுவது என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. எப்படி வந்தது என்பதை மற்றவருக்கு விளங்கும்படி எழுதும் பழக்கம் வரவில்லை. எழுதியதைப் படித்து, இந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது, இங்கே ஒரு படி விட்டுப்போயிற்று என்று சொல்ல ஆளும் இல்லை.

1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு அவர் போட்ட ஒரு புதிரை எடுத்துக்கொள்வோம். வர்க்கமூலத்துக்குள் 1 கூட்டல் 2 பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் 1 கூட்டல் 3 பெருக்கல் இன்னொன்று. அதற்குள் 1 கூட்டல் 4 பெருக்கல் இன்னொன்று. இப்படி முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன? மாதங்கள் ஓடின. பதில் வரவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதைத் தொட்டுப் பார்க்கலாம். 3-ன் வர்க்கம் 9. அது 1 + 2 × 4. அந்த 4-ன் வர்க்கம் 16. அது 1 + 3 × 5. அந்த 5-ன் வர்க்கம் 25; அது 1 + 4 × 6. ஒவ்வொரு எண்ணையும் அதன் வர்க்கத்தின் வர்க்கமூலமாக எழுதிக்கொண்டே போனால் புதிர் தானாக விரியும். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்று பள்ளியில் படிக்கிற சின்ன வாய்ப்பாடுதான் உள்ளே இருக்கிறது. ஆனால் முடிவில்லாமல் விரியும் ஒன்று உண்மையிலேயே 3-ல் போய் நிற்கிறது என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும். அதை அவர் எழுதவில்லை. விடை சரி; நிரூபணத்தில் பாதி பாக்கி. இன்றைய ஒலிம்பியாட்டில் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்காது.

படித்துப் பார்த்த மனிதர்கள்

1909-ல் திருமணம் ஆயிற்று. மனைவி ஜானகி. வேலை வேண்டும். நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். 1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயரைப் பார்த்தார். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர்தான். நோட்டைப் புரட்டியதும் இந்தப் பையனைத் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார வைப்பது பாவம் என்று அவருக்குத் தோன்றியது. சென்னையில் தெரிந்தவர்களுக்குக் கடிதம் கொடுத்தார். அந்த வழியில் நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்து உதவினார். 1912 மார்ச் 1 முதல் சென்னை போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்காளராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். மாலை நேரங்களில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். இராமானுஜன் எட்டுப் படியை இரண்டாகத் தாண்டுவார். நாராயண ஐயர் நிறுத்தி, எனக்கே விளங்கவில்லை என்றால் மற்றவருக்கு எப்படி விளங்கும் என்று கேட்டு விரித்து எழுத வைப்பார். இந்த மனிதரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் ஜி. எச். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தம். அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதியதற்கு ஆதரவான பதில் வரவில்லை. ஹார்டி, தன் நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் படித்தார். லிட்டில்வுட் 1905-ன் சீனியர் ராங்ளர். ஹார்டி 1898-ல் நான்காவது இடம் வந்தவர். ஆனாலும் அந்தப் பந்தய முறையை வெறுத்து, அதை மாற்றப் பாடுபட்டவர். 1909-க்குப் பிறகு வரிசைப் பட்டியல் நின்றது. பந்தயத்துக்கு எழுதிய கையேட்டில் கற்ற கும்பகோணத்துப் பையனை, பந்தயத்தை எதிர்த்தவர்தான் அடையாளம் கண்டார்.

ஹார்டி கேட்ட முதல் விஷயம் நிரூபணம். கடிதத்தில் இருந்த சில முடிவுகள் யாரும் காணாதவை, சில ஏற்கெனவே தெரிந்தவை, சில தவறு. பகா எண்கள் எத்தனை என்பது பற்றி அவர் எழுதியது பிழையானது. தெரிந்ததையே மறுபடி கண்டுபிடிப்பதில் அவர் எத்தனை வருடம் செலவழித்தார் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஊரில் ஒரே ஒருவர் சரியான நேரத்தில் சரியான புத்தகத்தைக் காட்டியிருந்தால் போதும்.

சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார்.

பேகம்பூர்த் தெருவில் ஒரு வீடு

கேம்பிரிட்ஜில் அவர் சைவ உணவை விடவில்லை. தானே சமைத்துச் சாப்பிட்டார். ஹலால் உணவு தேடி வெளிநாட்டில் அலைந்த நம் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் புரியும். போர்க்காலம் வேறு, சாமான் கிடைக்காது.

1914 டிசம்பரில் ஒரு நாள் அவர் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர், ஒரு மாத இதழில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். அதை நம் ஊருக்கு மாற்றிச் சொல்கிறோம். பேகம்பூரில் ஒரு நீண்ட தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களையெல்லாம் கூட்டினாலும், வலப்பக்கம் உள்ள எண்களையெல்லாம் கூட்டினாலும் ஒரே தொகை. தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன?

மகலனோபிஸ் கொஞ்ச நேரத்தில் விடை கண்டுபிடித்துவிட்டு வேடிக்கையாகத்தான் கேட்டார். இராமானுஜன் கரண்டியை விடாமல் ஒரு தொடர் பின்னத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் எல்லாத் தெருக்களுக்கும் அதில் விடை இருந்தது.

நம் பிள்ளைக்குத் தொடர் பின்னம் தெரிய வேண்டாம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு சின்னத் தெருவில் ஆரம்பிக்கட்டும். 8 வீடுகள் உள்ள தெருவில் 6-ம் எண் வீடு: இடப்பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, வலப்பக்கம் 7-ம் 8-ம் சேர்ந்து 15. கிடைத்துவிட்டது. அடுத்தது 49 வீடுகள் உள்ள தெருவில் 35. இரண்டு பக்கமும் 595. அதற்கு அடுத்ததுதான் புதிரின் விடை: 288 வீடுகள், 204-ம் எண். இப்போது 1, 6, 35, 204 என்று வரிசையாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 6-ஐ ஆறால் பெருக்கி 1-ஐக் கழித்தால் 35. 35-ஐ ஆறால் பெருக்கி 6-ஐக் கழித்தால் 204. அடுத்தது என்ன என்று பிள்ளையே சொல்லும். அது ஏன் ஆறு, ஏன் இந்த ஒழுங்கு என்று கேட்க ஆரம்பித்தால் ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் ஆராய்ந்த சமன்பாடு வரை அந்தக் கேள்வி கொண்டுபோகும். சின்னதில் பார்ப்பது, ஒழுங்கைப் பிடிப்பது, பிறகு காரணம் கேட்பது. போட்டிக் கணிதத்தில் முதல் ஒரு வருடத்துக்கு இதைவிடப் பெரிய உத்தி தேவையில்லை.

மக்தபில் ஏற்கெனவே இருப்பது

நம் பிள்ளைகளிடம் ஒரு முதல் இருக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை. மதரஸாவில் வாரிசுரிமைச் சட்டமான ஃபராயிழ் படிக்கிற பிள்ளைக்கு அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்ற ஆறு பங்குகள் மனப்பாடம். பிள்ளை இல்லாமல் இறந்த ஒரு பெண்ணுக்குக் கணவரும் உடன்பிறந்த இரண்டு சகோதரிகளும் இருந்தால், கணவருக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஏழு! சொத்தைவிடப் பங்கு அதிகம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்திலேயே இந்தச் சிக்கல் எழுந்து, சொத்தை ஏழு கூறாக்கிக் கணவருக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு என்று தீர்க்கப்பட்டது. அவ்ல் என்று இதற்குப் பெயர். அல் குவாரிஸ்மியின் அல்ஜப்ர் நூலிலும் பெரும் பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகள்தான். எந்தெந்தக் குடும்ப அமைப்பில் பங்குகள் ஒன்றைத் தாண்டும் என்று ஒரு பிள்ளையைத் தேடச் சொன்னால், அது ஒலிம்பியாட் கேள்விக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

போட்டிகளின் விவரமும் சொல்லிவிடுவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965-ல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் ஐந்தாம் வகுப்பு முதல் கல்லூரி வரை தனித்தனி நிலைகளில் திறனறிப் போட்டி நடத்துகிறது. அதில் 11, 12-ம் வகுப்பு நிலைக்கு இராமானுஜன் பெயர்தான். ஆரம்பிக்க இது நல்ல இடம். ஒலிம்பியாட் வழியில் முதல் படி, அண்மை ஆண்டுகளில், எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளவர்கள் எழுதும் ஐ.ஓ.க்யூ.எம். தேர்வு. மூன்று மணி நேரத்தில் 30 கேள்விகள். விடை 00 முதல் 99 வரை ஒரு முழு எண். நிரூபணம் எழுத வேண்டாம். அதைத் தாண்டினால் மண்டல நிலை, தேசிய நிலை. அங்கே கேள்விகள் ஆறுதான். ஒவ்வொன்றுக்கும் முழு நிரூபணம் எழுத வேண்டும். மும்பை ஹோமி பாபா மையத்தின் பயிற்சி முகாமில் தேறும் ஆறு பேர் உலகப் போட்டிக்குப் போவார்கள். இந்தியா 1989 முதல் அதில் கலந்துகொள்கிறது. ஈரானின் மர்யம் மிர்ஸாகானி 1994, 1995 இரண்டு ஆண்டும் அதில் தங்கம் வென்றார். இரண்டாவது முறை 42-க்கு 42. 2014-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பெயரை வீட்டில் சொல்ல வேண்டும்.

முதல் நிலைக்கு விடை மட்டும் போதும் என்பதால் நம் பிள்ளைகள் சறுக்குவது இரண்டாவது நிலையில். இராமானுஜன் சறுக்கிய அதே இடம். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கேள்வியை எடுத்து இரண்டு மூன்று நாள் விடையைப் பார்க்காமல் முட்டி மோதி, பிறகு தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம், அதற்குச் செலவில்லை. எழுதியதைப் படித்துச் சொல்ல ஓர் ஆள்தான் வேண்டும். காந்திகிராமத்திலும் நகரின் கல்லூரிகளிலும் கணிதம் படிக்கிற நம் வாலிபர்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பத்துப் பிள்ளைகளின் தாள்களைப் படித்துச் சிவப்பு மையால் கேள்வி எழுதினால், நாராயண ஐயர் போர்ட் டிரஸ்டில் செய்த வேலை இங்கே நடக்கும். வகுப்பு எடுக்கக்கூடத் தேவையில்லை. ஜமாஅத்துகள் ஒரு பாயும் ஒரு கரும்பலகையும் கொடுத்தால் போதும். சின்னாளப்பட்டி, ஆத்தூர், நிலக்கோட்டையிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசி ஆண்டுகள்

1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு ஆராய்ச்சிக்காகக் கிடைத்த பட்டம். 1917-ல் உடல் நலம் கெட்டது. மருத்துவமனை மாற்றி மருத்துவமனையாக இருந்தார். காசநோய் என்று நினைத்துச் சிகிச்சை செய்தார்கள். பிற்காலத்தில் குறிப்புகளை ஆராய்ந்த ஒரு மருத்துவர், கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆன முதல் இந்தியரும் ஆனார். 1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

படுக்கையில் இருந்த கடைசி மாதங்களிலும் எழுதிக்கொண்டே இருந்தார். ஜானகி அம்மாள் அந்தத் தாள்களைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தார். அவை பல கை மாறி இங்கிலாந்து போய், டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அதைத் திறந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள். சுமார் 600 சூத்திரங்கள். வழக்கம்போல நிரூபணம் இல்லை. ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ன்ட்டும் ஒவ்வொன்றாக எடுத்து நிரூபித்து ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஐந்தாவது தொகுதி 2018-ல்தான் வந்தது.